கலக்காத கேக்கில் நனையாத மாவு: தக்கலை அருகே ஒரு சாக்லேட் பிஸ்கட் டம்ப் கேக் குறித்த நிகழ்வு ஆய்வு

நடந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்துகொடுக்கும் இளம் பெண் ஒருவர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில், அமெரிக்காவில் வசிக்கும் தம் மைனி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பைக் கொண்டு, அடுக்கடுக்காகப் போட்டு வேகவைக்கும் சாக்லேட் பிஸ்கட் டம்ப் கேக் ஒன்றைச் செய்தார். மாவு கரைக்க வேண்டாம், முட்டை அடிக்க வேண்டாம், மேலே கிரீம் பூசவும் வேண்டாம், தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி ஓவனில் வைத்தாலே போதும் என்பதுதான் அந்தக் குறிப்பின் கவர்ச்சி. ஐம்பது நிமிடம் கழித்துத் தட்டை வெளியே எடுத்தபோது, மேற்பரப்பில் ஆங்காங்கே சில திட்டுகள் மட்டும் வெந்து நிறம் மாறியிருந்தன. அவற்றுக்கு இடையே கோகோ கலந்த மாவு தூவியபடியே பொடியாகக் கிடந்தது. அடிப்பகுதியோ டாஃபியாக இறுகி, ஓரங்களில் கருகியிருந்தது.

இப்பகுதியில் பெண்களுக்கு கேக், ரொட்டி செய்யப் பயிற்சி அளித்துவருகிறவள் என்ற முறையில், அந்தத் தட்டைக் கலைக்காமல் அப்படியே பார்க்கவும், பயன்படுத்திய பொருள்களின் அளவுகளைக் கேட்டுக் கணக்கிடவும், திருத்திய முறையில் அதே ஓவனில் மறுபடி செய்தபோது உடனிருக்கவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. இதைப் பதிவுசெய்வதற்குக் காரணம் உண்டு. இவ்வகைக் கேக்கைச் செய்து பார்த்து, மாவு வேகவில்லை என்று சொல்லிக் கைவிட்டவர்கள் பலரை நான் அறிவேன். அநேகமாக எல்லோரும் ஓவனைத்தான் குற்றம் சொல்கிறார்கள். இந்த நிகழ்வில் ஓவன் பெரிய குற்றவாளி அல்ல. தட்டுக்குள் தண்ணீர் போதவில்லை என்பதே உண்மையான காரணம். கலக்கும் வேலையை நம் கை செய்யாதபோது, அந்த வேலையைத் தண்ணீரும் கொழுப்பும் செய்தாக வேண்டும். அவை எவ்வளவு இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்பதில்தான் இந்தக் கேக்கின் தலைவிதி அடங்கியிருக்கிறது.

மூலக் குறிப்பு எதை நம்பி எழுதப்பட்டது

டம்ப் கேக் என்பது அமெரிக்க வீடுகளில் பெட்டியில் விற்கும் கேக் மாவுக் கலவையை நம்பி உருவான இனிப்பு. அதன் பழைய வடிவத்தில் தட்டின் அடியில் டின்னில் அடைத்த செர்ரியும் அன்னாசியும் சாற்றோடு இருக்கும்; அதன்மேல் கேக் கலவையை உலர்ந்தபடியே தூவி, உச்சியில் வெண்ணெய் வைத்து வேகவிடுவார்கள். பழச்சாறு கீழிருந்து மேலே ஏறும், வெண்ணெய் உருகி மேலிருந்து கீழே இறங்கும், இரண்டும் நடுவில் உள்ள மாவைச் சந்திக்கும். சாக்லேட் பிஸ்கட் வகையில் பழம் கிடையாது. அங்கே 1912ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருக்கும் ஓரியோ போன்ற கிரீம் பிஸ்கட்டுகளை அடியில் பரப்பி, சாக்லேட் புட்டிங் பொடியைப் பாலில் கரைத்து ஊற்றி, அதன்மேல் கெட்டியாக்கிய இனிப்புப் பாலையும் (கண்டென்ஸ்டு மில்க்) விட்டு, பிறகு சாக்லேட் கேக் கலவையைத் தூவி, கடைசியில் வெண்ணெய் வைப்பார்கள். பழச்சாற்றின் இடத்தைப் பால் கலந்த புட்டிங் எடுத்துக்கொள்கிறது.

மைனி அனுப்பிய குறிப்பின் அளவுகள் 13 அங்குலம் நீளமும் 9 அங்குலம் அகலமும் கொண்ட தட்டுக்கானவை. கேக் கலவை ஒரு பெட்டி, அதாவது 432 கிராம். புட்டிங் பொடிக்கு இரண்டு கப் பால், அதாவது சுமார் 480 மி.லி.; வெண்ணெய் ஒரு குச்சி, அதாவது 113 கிராம்; ஓவன் வெப்பம் 350 பாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். அந்த நாட்டுச் சமையலறையில் இவை எல்லாம் எளிதில் கிடைப்பவை. நம்மிடம் அவற்றில் ஒன்று மாறினாலும் மற்றவற்றையும் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் முறை செய்யப்பட்ட விதம்

வீட்டில் இருந்தது 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன். 13 அங்குலத் தட்டு உள்ளே போனாலும் பக்கங்களில் காற்றுக்கு இடம் இருக்காது என்று சரியாகவே கருதி, அவர் 8 அங்குலச் சதுரத் தட்டை எடுத்துக்கொண்டார். அது உள்ளே கறுப்புப் பூச்சுள்ள அலுமினியத் தட்டு. தட்டு பாதியாகிவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் பாதியாக்கினார். இதுவரை பெரிய பிழை எதுவும் இல்லை. 13 ஐ 9 ஆல் பெருக்கினால் 117 சதுர அங்குலம், 8 ஐ 8 ஆல் பெருக்கினால் 64. ஆக நூற்றுக்கு 55 பங்கு. பாதி என்பது அதற்கு நெருக்கமானதே.

பெட்டிக் கலவையை வெளியூரிலிருந்து வரவழைத்தால் விலை கூடும் என்பதால், மைதா 110 கிராம், பொடித்த சர்க்கரை 95 கிராம், கோகோ 25 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி என்று சேர்த்துத் தாமே கலவை தயாரித்தார். இதுவும் பாராட்டத்தக்க முடிவு. 432 கிராமில் 55 பங்கு 236 கிராம்தான், இவருடைய கலவையும் ஏறத்தாழ அதே எடை. அடுத்த இரண்டு முடிவுகளில்தான் கேக் கெட்டது. உடனடிப் புட்டிங் பொடி மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்கவில்லை. அரை டின் இனிப்புப் பால், அதாவது 200 கிராம், எப்படியும் ஊற்றுகிறோமே, பால் அடுக்குக்கு அது போதும் என்று புட்டிங்கை அடியோடு விட்டுவிட்டார். ஒரு குச்சி வெண்ணெயில் பாதி என்ற கணக்கில் 60 கிராம் வெண்ணெயைச் சிறு கட்டிகளாக நறுக்கி, அழகுக்காக இடைவெளி விட்டு மேலே வைத்தார்.

அடியில் பிஸ்கட், அதன்மேல் இனிப்புப் பால், சிறிது சமையல் சாக்லேட் துண்டுகள், அதன்மேல் நடுவில் குவிந்தாற்போல் கலவை, உச்சியில் வெண்ணெய்க் கட்டிகள். இந்த நிலையில் தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, மேல்கம்பி கீழ்க்கம்பி இரண்டையும் இயக்கி, 180 டிகிரியில் 35 நிமிடம் வேகவிட்டார். திறந்து பார்த்த மாமியார், "மக்களே, மேல மாவு அப்பிடியே கெடக்கே?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் வேகட்டும் மாமி" என்று சொல்லி மேலும் 15 நிமிடம் வைத்தார். அந்த 15 நிமிடம் மாவுக்கு எந்த உதவியும் செய்யவில்லை, அடியைத்தான் கருக்கியது.

வெட்டிப் பார்த்தபோது

ஆறிய தட்டின் நடுவில் ரொட்டி அறுக்கும் கத்தியால் நேராக ஒரு வெட்டு வெட்டி, பாதியை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன். அடியிலிருந்து மேல்வரை நடந்த கதை அந்த வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிந்தது. அடியில் பிஸ்கட்டுகள் ஊறி மெத்தென்று ஆகாமல், வாங்கியபோது இருந்ததைவிடக் கடினமாக இருந்தன. அவற்றின் கிரீம் உருகி ஓடி, தட்டின் பரப்போடு ஒட்டியிருந்தது. அதன்மேல் இனிப்புப் பால் பழுப்பேறி ஒரு தடித்த ஏடாக நின்றது. அந்த ஏட்டைத் தொட்டுக்கொண்டிருந்த மாவு மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு, ஈரம் பட்டு வெந்து கறுத்த கோடாகத் தெரிந்தது. அதற்கும் மேலே தூள். விரலால் தட்டினால் உதிர்ந்தது. வெண்ணெய்க் கட்டி இருந்த இடங்களில் மட்டும், மேலிருந்து கீழாக ஒரு குழாய்போல், கொழுப்பு இறங்கிய தடம் இருந்தது; அந்தத் தடம் கேக்காக மிருதுவாக இல்லாமல் நெய் பிஸ்கட்டைப் போல நொறுங்கியது. அங்கங்கே கடுகளவுக் கரும்புள்ளிகளும் இருந்தன. நாக்கில் வைத்தால் காரக்கசப்பு.

மேல்மாவைச் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். பச்சை மைதா சுத்தமாகத் தெரிந்தாலும், கோதுமை வயலிலிருந்து ஆலைவரை கிருமி நீக்கம் எதுவும் நடக்காத பொருள், ஈ.கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கக்கூடும் என்பது பல நாடுகளில் ஏற்பட்ட நோய்ப் பரவல்களின்வழி உறுதியானது. ஓவனுக்குள் இருந்ததாலேயே மாவு வெந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஈரமற்ற மாவில் கிருமிகள் சூட்டைத் தாங்கி நிற்பது அதிகம்.

ஓவனா காரணம்?

வீட்டாரின் முதல் ஐயம் ஓவன்மீது. மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவது அந்த ஊரில் வழக்கம்தான். ஆகவே ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துப் பார்த்தோம். திருகியை 180 இல் வைத்தால் உள்ளே 170 ஐ ஒட்டி நின்றது. வீட்டு ஓவன்களில் இந்த வேறுபாடு சாதாரணம். மேலும், அதே ஓவனில்தான் அவர் கிறிஸ்துமஸ் ஆர்டர்களுக்கான பிளம் கேக்குகளை ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தார். 10 டிகிரி குறைவால் கேக் தாமதமாக வேகும். உலர்ந்த தூளாகவே நிற்காது. கீழ்த்தட்டில் கறுப்புத் தட்டை வைத்தது மட்டும் அடி கருகியதற்கு நேரடிக் காரணம், ஏனெனில் கறுத்த பரப்பு கீழ்க்கம்பியின் வெப்பக் கதிரை வெளிர்ந்த பரப்பைவிட மிகுதியாக வாங்கிக்கொள்ளும். இனிப்புப் பாலில் சர்க்கரையும் பால் புரதமும் சேர்ந்தே இருப்பதால் அது விரைவில் பழுப்பேறும்.

தண்ணீர்க் கணக்கு

இனி முக்கியமான கணக்கு. ஒரு பெட்டிக் கலவையை வழக்கமான முறையில் கரைத்துக் கேக் செய்தால் ஏறத்தாழ 240 மி.லி. தண்ணீரும் மூன்று முட்டையும் சேர்ப்பார்கள். ஓடு நீக்கிய முட்டை ஒன்று 50 கிராம் என்றால், அதில் முக்கால் பங்கு தண்ணீர். மூன்று முட்டைக்குச் சுமார் 112 கிராம். இரண்டையும் கூட்டினால் 350. நம் தட்டுக்கு அதில் 55 பங்கு, அதாவது 190 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் தேவை. இந்த அளவு இருந்தால்தான் மைதாவின் மாச்சத்து நீரை உறிஞ்சி, 60 டிகிரிக்கு மேல் வீங்கி, கூழ்த்தன்மை அடைந்து கேக்கின் உடலாக நிற்கும். தண்ணீர் இல்லாமல் மாச்சத்து எவ்வளவு சூட்டிலும் வேகாது, வறுபடத்தான் செய்யும்.

முதல் தட்டில் எவ்வளவு இருந்தது? இனிப்புப் பாலில் தண்ணீர் நூற்றுக்கு 27 அளவில்தான் இருக்கும். மீதி சர்க்கரையும் பால் திடப்பொருளும். 200 கிராமுக்கு 54 கிராம் தண்ணீர். வெண்ணெயில் நூற்றுக்கு 16 அளவு தண்ணீர். 60 கிராமுக்குச் சுமார் 10. மொத்தம் 64 கிராம். தேவையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த 64 கிராமிலும் ஒரு பகுதியை அடியில் கிடந்த உலர்ந்த பிஸ்கட்டுகள் இழுத்துக்கொண்டன. ஒரு பகுதி ஆவியாகிப் போனது. மிஞ்சியதையோ அவ்வளவு சர்க்கரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பார்வைக்கு அது தட்டு நிறைய வழியும் திரவம். மாவைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய வறண்ட நிலம்.

மூலக் குறிப்பில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் குறை தெரியவில்லை. 480 மி.லி. பாலில் 55 பங்கு 264 மி.லி.; பாலில் நூற்றுக்கு 87 அளவு தண்ணீர் என்பதால் 230 கிராமுக்குக் குறையாத தண்ணீர் புட்டிங் அடுக்கிலிருந்தே கிடைத்திருக்கும். அதாவது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்து விலக்கிய ஒரே அடுக்குதான் கேக்கை வேகவைக்க வேண்டிய அடுக்கு. குறிப்பில் உள்ள பொருளைச் சுவைக்காகச் சேர்த்தது என்று மட்டும் நினைத்துவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். ஒரு பொருளை நீக்கும்முன் அது தட்டுக்குள் எதைக் கொண்டுவருகிறது என்று பார்த்துவிட்டால் இத்தகைய இழப்புகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

வெண்ணெய் மூடாத பரப்பு

வெண்ணெயின் கதை அளவைவிடப் பரப்பைச் சார்ந்தது. 8 அங்குலச் சதுரம் என்பது சுமார் 400 சதுர செ.மீ. பரப்பு. 60 கிராம் வெண்ணெயை ஒரு செ.மீ. கட்டிகளாக நறுக்கினால் 66 கட்டிகள் வரும். அவை அனைத்தும் சேர்ந்து மூடும் இடம் 66 சதுர செ.மீ., ஆறில் ஒரு பங்குகூட நிறைவாக இல்லை. உருகும் வெண்ணெய் பக்கவாட்டில் பரவும் என்று நாம் நம்புகிறோம். தளர்வாகத் தூவிய உலர்மாவில் அது அவ்வாறு பரவுவதில்லை. கிடைத்த வழியில் நேரே கீழே இறங்கிவிடுகிறது. வெட்டுமுகத்தில் கண்ட குழாய்த் தடங்களின் காரணம் இதுவே.

இதற்கு நேர்மாறாக, 100 கிராம் வெண்ணெயை 3 மி.மீ. கனத்துக்குச் சற்றுக் குறைவாகச் சீவினால், 400 சதுர செ.மீ. பரப்பையும் அது ஏறத்தாழ முழுதாக மூடும். கடையில் விற்கும் 100 கிராம் பொட்டலம் ஒன்று இந்தத் தட்டுக்கு வகுத்து வைத்தாற்போல் பொருந்துகிறது. கூரையில் ஓடு அடுக்குவதுபோல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைக்க வேண்டும். இடைவெளி விட்ட இடத்தில்தான் ஒழுக்கு வரும், இங்கே இடைவெளி விட்ட இடத்தில்தான் மாவு காயும். வெண்ணெயை உருக்கி ஊற்றலாமே என்று கேட்பார்கள். ஊற்றலாம், ஆனால் ஊற்றும் வேகத்தில் மாவு விலகிப் பள்ளம் விழுகிறது, கொழுப்பு அந்தப் பள்ளத்தில் தேங்குகிறது. குளிர்ந்த வெண்ணெயைச் சீவி அடுக்குவதே எனக்கு உகந்த முறை. நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது உப்பிட்ட வெண்ணெய் என்பதால் கலவையில் தனியாக உப்பு வேண்டாம். இவ்வளவு இனிப்புக்கு அந்த உப்பு நல்ல துணையும்கூட.

சலிக்காத சோடா

கரும்புள்ளிகளுக்கு வருவோம். கரைத்துச் செய்யும் கேக்கில் சோடா உப்பு சிறு கட்டியாக இருந்தாலும் மாவு கரையும்போது கரைந்து பரவிவிடும். டம்ப் கேக்கில் அந்த வாய்ப்பு இல்லை. எங்கே விழுந்ததோ அங்கேயே நின்று, அந்த ஒரு புள்ளியில் கோகோவைக் கறுக்கவைத்துக் கசப்பாக்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில் நம் மாவட்டத்துக் காற்றில் உள்ள ஈரப்பதத்தால், திறந்த டப்பாவில் உள்ள சோடாவும் கோகோவும் எளிதில் கட்டி பிடிக்கும். எனவே உலர்ந்த பொருள்கள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து இருமுறை சலிக்க வேண்டும். கலக்காத கேக் என்று பெயரிருந்தாலும், உலர்கலவை மட்டும் மிக நன்றாகக் கலந்திருக்க வேண்டும்.

கோகோ வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காரம் சேர்த்துப் பதப்படுத்திய, ஆழ்ந்த நிறமுள்ள கோகோவில் அமிலம் குறைவு. சோடாவோடு வினைபுரிய அதில் போதிய அமிலம் இருக்காது. அந்த வகை கோகோ என்றால் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடரை மட்டும் ஒன்றேகால் தேக்கரண்டியாகச் சேர்க்கலாம். பொட்டலத்தின் பொருள் பட்டியலைப் படித்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

திருத்திய முறை

மறுபடி செய்தபோது தட்டு, ஓவன், கலவையின் எடை மூன்றையும் மாற்றவில்லை. மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாமல் போகும். மாற்றியவை பால், வெண்ணெய், சலிப்பு, தட்டு வைக்கும் இடம் ஆகியவை மட்டுமே.

வெண்ணெய் தடவிய தட்டில் சாக்லேட் கிரீம் பிஸ்கட் 16 ஐ நான்குக்கு நான்காக அடுக்கி, ஓர இடைவெளிகளில் மேலும் நான்கை உடைத்து நிரப்பினோம். உடனடிப் புட்டிங் பொடியில் உள்ள மாச்சத்து ஏற்கெனவே வேகவைத்துப் பதப்படுத்தப்பட்டது, அதனால் அது பச்சைப் பாலிலேயே கெட்டியாகும். நம்மிடம் உள்ள சோளமாவை அடுப்பில் வைத்துத்தான் கெட்டியாக்க முடியும். 180 மி.லி. பாலில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவையும் ஒரு மேசைக்கரண்டி கோகோவையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய ஏடாகப் படியும் பதத்தில் இறக்கினோம். அதில் 200 கிராம் இனிப்புப் பாலைச் சேர்த்துக் கலக்கினால் ஊற்றும் பதம் வந்துவிடுகிறது. இந்தப் பதம் முக்கியமானது; மிக நீர்த்திருந்தால் பிஸ்கட்டுகள் மிதந்து எழும்பும், தூவும் மாவும் உடனே மூழ்கிச் சேறாகும்; மிகக் கெட்டியானால் ஈரம் மேலே ஏறத் தாமதமாகும். பாலிலிருந்து சுமார் 160 கிராம், இனிப்புப் பாலிலிருந்து 54, வெண்ணெயிலிருந்து 16 என்று இப்போது தட்டுக்குள் 230 கிராம் தண்ணீர். பிஸ்கட் குடிப்பதும் ஆவியாவதும் போக, மாவுக்கு வேண்டியது கிடைக்கும்.

வெதுவெதுப்பான இந்தப் பாலை பிஸ்கட்டின்மேல் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டோம். பிறகு கலவையை, கையால் அள்ளிப் போடாமல், சல்லடையிலிருந்தே தட்டு முழுவதும் சீராக விழும்படி தூவினோம். 235 கிராம் கலவை இவ்வாறு விழும்போது சுமார் ஒரு செ.மீ. கனத்தில் நிற்கிறது. முதல் முறை நடுவில் இரண்டு செ.மீ. வரை குவிந்திருந்தது, ஈரம் ஏறவேண்டிய தூரம் அங்கே இருமடங்கு. கரண்டியால் அழுத்திச் சமன்படுத்தக் கூடாது, அழுத்திய மாவில் ஈரம் ஏறுவது குறையும். கடைசியாக, குளிர்ந்த வெண்ணெய் 100 கிராமையும் சீவி விளிம்போடு விளிம்பாக மூடினோம்.

முன்பே சூடேற்றிய ஓவனில், நடுத்தட்டில், திருகியை 180 இல் வைத்து, முதல் 20 நிமிடம் திறக்கவே இல்லை. 25 நிமிடமளவில் கண்ணாடி வழியே பார்த்தபோது, வெண்ணெய் முழுதும் உள்ளே இறங்கி, ஓரங்களில் பால் கொதித்துச் சிறு குமிழ்களாக மேலே வந்துகொண்டிருந்தது. குமிழ் உடைந்த இடங்களில் மாவு கறுத்து ஈரமாகி, அந்தக் கறுப்பு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்வதையே காண முடிந்தது. 35 நிமிடத்தில் நடுவில் கைப்பிடியளவு இடம் மட்டும் வெளிறி இருந்தது. அந்த இடத்தில் இரண்டு மேசைக்கரண்டி சூடான பாலைத் தெளித்து ஓவனை மூடினோம். இந்த மாதிரி நேரத்தில் செய்யக்கூடிய சரியான உதவி இதுவே, கூடுதல் நேரம் மட்டும் கொடுப்பது அல்ல. 45 நிமிடத்தில் மேற்பரப்பு முழுவதும் விரிசல் விட்ட சாக்லேட் கேக்காக எழும்பி நின்றது.

வெந்ததை அறியும் விதத்தில் பலர் ஏமாறுகிறார்கள். குச்சியைத் தட்டின் அடிவரை குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும், ஏனெனில் அடியில் இருப்பது புட்டிங். குச்சியைச் சாய்த்து மேல் ஒரு செ.மீ. அளவுக்குள் மட்டும் குத்த வேண்டும்; அது சுத்தமாக வந்து, ஓரங்களில் குமிழும் இருந்தால் போதும். எடுத்த உடனே அள்ளினால் பால் ஓடும். அரைமணி நேரம் விட்டால் சோளமாவும் மைதாவும் மிச்ச ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்குகள் நிலைகொள்கின்றன. மறுபடி வெட்டிப் பார்த்ததில், ஊறி மெத்தென்ற பிஸ்கட், அதன்மேல் பளபளப்பான புட்டிங், அதன்மேல் காற்றறைகளோடு கேக், உச்சியில் மெல்லிய மொறுமொறுப்பு என்று நான்கும் தனித்தனியே தெரிந்தன. கரும்புள்ளி ஒன்றும் இல்லை.

உள்ளூர் மாற்றங்கள்

மாமியார் தேங்காய் எண்ணெயில் செய்யலாமா என்று கேட்டது நியாயமான கேள்வி. தென்னை சூழ்ந்த வீட்டில் வெண்ணெய் வாங்குவதே செலவு. தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு, அதில் தண்ணீர் இல்லை. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும், பாலில் கூடுதலாக 15 மி.லி.யும் என்று மாற்ற வேண்டும். நம் டிசம்பர்க் குளிரிலும் எண்ணெய் சீவும் அளவுக்கு உறைவதில்லை என்பதால், கரண்டி கரண்டியாகப் பரப்பு முழுதும் சொட்டவிட வேண்டியிருக்கும். மணம் நம்மவர்களுக்குப் பிடிக்கும். ஆர்டருக்குச் செய்யும்போது முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஏத்தன்பழ (நேந்திரம்பழ) வில்லைகளைப் பிஸ்கட்டுக்குமேல் ஒரு வரிசை வைப்பது நான் மனதார ஆதரிக்கும் மாற்றம். பழத்தின் ஈரம் பெரும்பாலும் அதற்குள்ளேயே நிற்பதால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழமும் நல்ல மணம் தரும், ஆனால் அது சூட்டில் குழைந்துவிடும். துண்டாகத் தெரிய வேண்டுமானால் ஏத்தன்பழமே ஏற்றது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பில் இரண்டு மூன்றைப் பொடித்துக் கலவையோடு சலித்தால், சாக்லேட்டின் இனிப்பு திகட்டாமல் நிற்கிறது. அதற்குமேல் போட்டால் மருந்து வாடை வந்துவிடும்.

ஓவன் இல்லாத வீடுகளில் குக்கருக்குள் உப்பு பரப்பிக் கேக் செய்வது உண்டு. இந்தக் கேக்குக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. மேலிருந்து சூடு வராததால் உச்சி மொறுமொறுப்பாவதில்லை. மூடியில் படியும் நீராவி சொட்டி மேல்மாவு கட்டிபிடிக்கிறது.

பரிமாறுதலும் விற்பனையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள மாவட்டம் இது. டிசம்பரில் கேக் என்றாலே கத்தி வைத்தால் உதிராமல் துண்டாக வரும் பிளம் கேக்தான் எல்லோர் மனத்திலும் நிற்கும். அந்த எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்கு, கிண்ணத்தில் அள்ளிக் கரண்டியோடு கொடுக்கும் இந்த இனிப்பு முதலில் வேகாத கேக்காகவே தோன்றும். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே, கிண்ணத்தில் உண்ணும் வகை என்று சொல்லிவிட வேண்டும். தட்டோடு கொடுத்து, வெதுவெதுப்பாகப் பரிமாறச் சொல்வதே சிறந்தது. துண்டாகத்தான் வேண்டுமென்றால், ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சூடான நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினால் ஓரளவு ஒழுங்கான சதுரங்கள் கிடைக்கும்.

பால் அடுக்கு இருப்பதால் இது பிளம் கேக்கைப்போல் வாரக்கணக்கில் நிற்காது. ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், மூன்று நாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர்கள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் திரும்பும்போது பெட்டியில் கட்டிக் கொடுக்க இது உகந்ததல்ல. அதற்குப் பிளம் கேக்கும் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் இருக்கின்றன. அந்தப் பெண் இப்போது இந்தக் கேக்கை உள்ளூர் ஆர்டர்களுக்கு மட்டும், காலையில் செய்து அன்றைக்கே கொடுக்கும் முறையில் எடுக்கிறார். தட்டின் மூடியில் செய்த தேதியையும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்ற குறிப்பையும் எழுதி ஒட்டுகிறார்.